இரண்டு இலக்கம் கடல் கடந்த கதை

ஐ.பி.எம். துளை அட்டையில் இருந்தது மொத்தம் 80 இடம். வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஆண்டின் முன்னால் வரும் 19 யாருக்குத்தான் தெரியாது என்று அதை வெட்டிவிட்டார்கள். 65, 66 என்று இரண்டு இலக்கம் மட்டும் மிஞ்சியது. அட்டை போய் நாடா வந்தது, வட்டு வந்தது. இடப் பஞ்சம் தீர்ந்தும் பழக்கம் போகவில்லை. 2000 வந்தால் 00 என்பதைக் கணினி 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்று கணினி நிபுணர் பாப் பெமர் 1971-லேயே எச்சரித்து எழுதினார். அன்று கோபோல் மொழியில் எழுதிய நிரல் 2000 வரை ஓடும் என்று எவரும் நம்பவில்லை. ஓடியது.

1993-ல் கணினி ஆலோசகர் பீட்டர் டி ஜேகர் இதே ஆபத்தைப் பற்றி கம்ப்யூட்டர்வேர்ல்ட் இதழில் எழுதிய பிறகுதான் நிறுவனங்களுக்கு மெல்ல வயிற்றைக் கலக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்ப்பதில் பெருமையும் இல்லை. அமெரிக்க இளைஞர்கள் இணையத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். குறைந்த சம்பளத்தில் பொறியாளர்கள் கிடைத்த ஊர்களுக்கு இரண்டு இலக்கம் புறப்பட்டது. அவற்றில் ஒன்று சென்னை. டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் தொழில்நுட்பப் பிரிவாக 1994-ல் இங்கே தொடங்கிய காக்னிசன்ட்டும் இந்த வேலையில் வளர்ந்ததுதான்.

நியூயார்க்கில் மாலை ஆறு மணிக்கு அனுப்பிய நிரல் சென்னையில் விடிந்ததும் மேசைக்கு வரும். அனுப்பியவர்கள் தூங்கி எழுவதற்குள் திருத்தம் திரும்பிப் போய்விடும். கூலி குறைவு என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இரவும் பகலும் வேலை நடந்ததை நான் அதற்குச் சமமாகவே வைப்பேன். கெடு தள்ளிப்போகாத வேலை இது. 1999 டிசம்பர் 31 யாருக்காகவும் காத்திருக்காது.

சிக்கல் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு காப்பீட்டு நிரலை எடுத்துக்கொள்வோம். பிறந்த ஆண்டு 45, முதிர்வு ஆண்டு 05. கழித்தால் வயது மைனஸ் 40. எல்லாக் கோப்புகளையும் நான்கு இலக்கமாக விரிக்கச் செலவு அதிகம். அதனால் ஒரு எல்லை வைத்தார்கள்: 30-க்குக் கீழே இருந்தால் 2000-த்தைச் சேர், இல்லையென்றால் 1900-த்தைச் சேர். இப்போது 45 என்பது 1945, 05 என்பது 2005, வயது 60. கணக்கு சரி. ஆனால் 1925-ல் பிறந்தவர்? அவருடைய 25, 2025 ஆகிவிடும். எழுபது தாண்டிய மனிதர் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி சொல்லும்.

எல்லை 30-ஆ, 10-ஆ என்பது கணினிக் கேள்வியே அல்ல. நிறுவனத்தில் எவ்வளவு வயதான பாலிசிதாரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் சொல்ல வேண்டிய பதில். அவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் இருப்பார். வரியைத் திருத்தும் பையன் சென்னையில் இருப்பான். வாடிக்கையாளரின் இடத்துக்கே, அதாவது ஆன்சைட், போன ஒருவர் இருவருக்கும் நடுவில் கேள்வியைச் சுமந்தார். அவர் கெட்டிக்காரராக இருந்த இடங்களில் வேலை பிழைத்தது. அப்படிப்பட்டவர்கள் அமெரிக்கா போக உதவிய எச்-1பி வேலை விசாவின் ஆண்டு வரம்பு 65,000-லிருந்து 115,000 ஆக உயர்ந்தது. அதற்கான சட்டம் 1998-ல் வந்தது.

2000 ஜனவரி 1 பெரிய விபரீதம் இல்லாமல் கடந்தது. வீண் பயம் என்று சிலர் கேலி செய்தார்கள்; வேலை ஒழுங்காக நடந்ததற்கு இப்படி ஒரு கூலி.

வேலை முடிந்ததும் நிரல் ஊர் திரும்பியிருக்க வேண்டும். பல இடங்களில் திரும்பவில்லை. வரி வரியாகப் படித்தவர்கள் இப்போது சென்னையில் இருந்தார்கள்; எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள். தேதித் திருத்தம் பராமரிப்பு ஒப்பந்தமாக நீண்டது. வாடிக்கையாளருக்கு அதில் மிச்சமான பணம் உண்மை. ஒப்பந்தம் புதுப்பிக்க உட்காரும்போது, தன் நிரலைப் பற்றித் தன்னைவிட எதிரே இருப்பவருக்கு அதிகம் தெரியும் என்பதும் உண்மை. வெளியேறலாம் என்றால், தன் சொந்த நிரலையே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க அதே ஆளிடம்தான் காசு கொடுத்து மாதக்கணக்கில் பாடம் கேட்க வேண்டும்.