எதிர்ப்புரோட்டான் அணு

எதிர்ப்புரோட்டான் அணு என்பது, எலக்ட்ரானுக்குப் பதிலாக, புரோட்டானின் எதிர்த்துகளான ஓர் எதிர்ப்புரோட்டான் அணுக்கருவைச் சுற்றிவரும் குறுகிய ஆயுள் கொண்ட அணு ஆகும். குறைந்த ஆற்றலுடைய எதிர்ப்பொருள் அணுக்கருவுடன் வினைபுரியும் விதத்தை ஆராய இது பயன்படுகிறது. எதிர்ப்புரோட்டானை 1955இல் அமெரிக்காவின் பெர்க்லியில் எமிலியோ செக்ரே, ஓவன் சேம்பர்லின் ஆகியோரின் குழு கண்டறிந்தது. அதற்காக இருவரும் 1959ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

உருவாகும் விதம்

பொருளுக்குள் நுழையும் எதிர்ப்புரோட்டான் அணுக்களோடு மோதி மோதி வேகம் இழக்கிறது. அதன் மின்சுமை எதிர்மின்சுமை என்பதால் அணுக்கரு அதை ஈர்க்கிறது. அணுவும் ஓர் எலக்ட்ரானை வெளியேற்றிவிட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானின் நிலை வேறு. நேர்மின்சுமை கொண்ட அதை அணுக்கரு விலக்குவதால், பெரும்பாலும் அது எலக்ட்ரானுடன் சேர்ந்தே அழிகிறது.

எதிர்ப்புரோட்டான் எலக்ட்ரானைப் போல் ஏறக்குறைய 1836 மடங்கு நிறை உடையது. ஆகவே, வெளியேறிய எலக்ட்ரான் இருந்த அதே தொலைவில் சுற்றத் தொடங்கும் அது, முதலில் உயர்ந்த ஆற்றல்மட்டத்தில்தான் அமர்கிறது. ஹீலியத்தில் அம்மட்டத்தின் முதன்மைக் குவாண்டம் எண் சுமார் 38. அங்கிருந்து எலக்ட்ரான்களை உதறியும் எக்ஸ் கதிர்களை உமிழ்ந்தும் படிப்படியாகக் கீழிறங்குகிறது.

அழிவு

அணுக்கருவை நெருங்கியதும் வலிய அணுவிசை செயல்படத் தொடங்குகிறது. இதனால் கடைசி எக்ஸ் கதிர்களின் ஆற்றல் சற்று இடம்பெயர்கிறது, நிறமாலைக் கோடும் அகலமாகிறது. எதிர்ப்புரோட்டான் அணுக்கருவின் மையம்வரை செல்வதில்லை. அடர்த்தி குறைந்த விளிம்பிலேயே ஒரு புரோட்டானுடனோ நியூட்ரானுடனோ சேர்ந்து அழிந்துவிடுகிறது. அப்போது வெளிப்படும் சுமார் 1880 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், சராசரியாக ஐந்து பையான் துகள்களாகச் சிதறுகிறது. அவற்றுள் சில அணுக்கருவுக்குள் பாய்ந்து அதைச் சூடாக்கும். யுரேனியம் போன்ற கன அணுக்கரு பிளவுறவும் கூடும்.

விதிவிலக்கு

இந்த நிகழ்வுகள் யாவும் பொதுவாக மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஹீலியத்தில் சிக்கும் எதிர்ப்புரோட்டான்களில் சுமார் 3 விழுக்காடு மட்டும் மைக்ரோ நொடிக் கணக்கில் நிலைக்கின்றன. ஜப்பானின் கே.இ.கே. ஆய்வகத்தில் 1991இல் இது தெரியவந்தது. இந்த அணுக்களை லேசர் கொண்டு ஆராய்ந்த செர்ன் ஆய்வகத்தின் அசாகுசா குழு, எதிர்ப்புரோட்டானின் நிறையை மிக நுட்பமாக அளந்துள்ளது.

பயன்

அழிவு விளிம்பிலேயே நிகழ்வதால், அணுக்கருவின் மேற்பரப்பில் நியூட்ரான்கள் எவ்வளவு மிகுந்துள்ளன என்பதை இதன்மூலம் அறியலாம். புரோட்டானுடன் அழிந்தால் பிறக்கும் பையான்களின் மொத்த மின்சுமை சுழி; நியூட்ரானுடன் அழிந்தால் ஓரலகு எதிர்மின்சுமை. இந்த வேறுபாட்டைக் கொண்டு குறுகிய ஆயுள் அணுக்கருக்களின் மேற்பரப்பை ஆராய்வதற்காகவே செர்னில் பூமா என்னும் ஆய்வு வகுக்கப்பட்டது.