விபத்தும் வீழ்ச்சியும்: பதுளை, ஊவாத் தோட்டப் பகுதி வீதி மரணங்களைப் புரிந்துகொள்ளல்

2021 மார்ச் 20, சனிக்கிழமை காலை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பசறைக்கு வரும் வழியில், 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. இறந்தவர்கள் பதினான்கு பேருக்குக் குறையவில்லை. காயமுற்றோர் முப்பது பேருக்கு மேல். மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த பெரும் பாறை ஒன்று அகற்றப்படாமல் அவ்விடத்தில் வீதியைக் குறுக்கிக் கிடந்தது. எதிரே டிப்பர் ஒன்று வந்தது. மிஞ்சியிருந்த இடத்தில் பஸ் ஒதுங்கியபோது வெளிப்பக்கச் சில்லுக்கு நிலம் இருக்கவில்லை.

மலையக வீதி மரணங்கள் செய்தியாகும்போது "வேகக் கட்டுப்பாட்டை இழந்து", "சாரதியின் கவனயீனத்தால்" என்னும் இரண்டு தொடர்கள் தவறாமல் இடம்பெறும். விசாரணையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சாரதி தவறு செய்யவில்லை என்று நான் வாதிடப் போவதில்லை. தவறு நேர்ந்ததற்கான காரணமும் மரணம் நேர்ந்ததற்கான காரணமும் வெவ்வேறானவை என்பதே இக்கட்டுரையின் வாதம். முன்னதை விபத்து என்றும் பின்னதை வீழ்ச்சி என்றும் பிரித்து அழைக்கிறேன். குருநாகலிலோ அநுராதபுரத்திலோ வளைவைத் தவறவிடும் பஸ் வயலில் இறங்கி நிற்கும். அல்லது மதிலில் மோதும். அதே தவறு நமுனுகுலைச் சரிவில் நடந்தால் பஸ் அடிவாரத்தில்தான் நிற்கும். சாரதி ஒன்றுதான், தவறும் ஒன்றுதான், வேறுபடுவது நிலம்.

அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹேடன் 1970களில் முன்வைத்த அட்டவணை விபத்தை முன், நடுவே, பின் என மூன்று கட்டங்களாகவும், மனிதர், வாகனம், சூழல் என மூன்று கூறுகளாகவும் பிரித்துக் காட்டியது. சுவீடன் பாராளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்ட கொள்கை இதை மேலும் ஒரு படி கொண்டு சென்றது. மனிதர் தவறு செய்வர். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாத வகையில் வீதியை அமைப்பது அதை அமைப்பவரின் கடமை என்றது. ஊவாவின் வீதிகள் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே அமைக்கப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் இறக்குவதற்காக, மாட்டு வண்டியின் அகலத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப மலையைச் சுற்றி வெட்டப்பட்ட தடங்கள் அவை. பின்வந்தவர்கள் தாரிட்டார்கள், ஆங்காங்கே அகலப்படுத்தினார்கள்; தடம் பெரும்பாலும் மாறவில்லை. இன்று அதில் ஐம்பது அறுபது பேரை ஏற்றிய பஸ்கள் ஓடுகின்றன.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் மாவட்ட விபத்து எண்ணிக்கை வெளிவந்ததும் "அதிகரிப்பு", "வீழ்ச்சி" என்று தலைப்புகள் எழுகின்றன. ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 100 பேர் வீதியில் இறப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வீதியிலோ வாகனத்திலோ நடத்தையிலோ எதுவுமே மாறாத நிலையிலும், நிகழ்தகவுக் கணக்கின்படி அந்த எண் ஓராண்டில் 80ஆகவும் மறு ஆண்டில் 120ஆகவும் அமையலாம். பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்தால் ஒரே நொடியில் பதினைந்து பேர் கூடுவர் என்பதால், மலை மாவட்டங்களில் இந்த ஊசலாட்டம் இன்னும் பெரிது. ஆகவே ஓராண்டின் ஏற்றத்தைக் கொண்டு பொலிஸாரைக் குறை சொல்வதும், ஓராண்டின் இறக்கத்தைக் கொண்டு அவர்களைப் பாராட்டுவதும் ஆதாரமற்றவை. ஐந்தாண்டுகளையேனும் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

அதைவிட முக்கியமானது, எதை எண்ணுகிறோம் என்பது. பதுளை நகரில் பஸ் நிலையத்தைச் சுற்றியும் ஹாலிஎல வரையிலான நெரிசல் வீதியிலும் நேரும் மரணங்கள் ஒரு வகை. அங்கே பாதசாரியும் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் ஒரே தாரை பங்கு போடுகின்றன. வேகத்தைக் குறைப்பதே மருந்து. நகர எல்லைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர் என்ற வரம்பை மக்கள் நடமாடும் தெருக்களில் 30 ஆக்கினால் போதும் என்பதில் உலகின் அனுபவம் ஏறக்குறைய ஒருமுகமாக உள்ளது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, எல்ல, ஹப்புத்தளை வீதிகளில் நேரும் மரணங்கள் வேறு வகை. இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டு, இரண்டுக்கும் ஒரே மருந்தாகச் சந்தியில் நின்று தண்டப்பணம் எழுதுவது இரண்டாவது வகையைத் தீண்டுவதே இல்லை. விபத்து அறிக்கையில் வாகனம் வீதியை விட்டு இறங்கியதா, எத்தனை அடி விழுந்தது, அவ்விடத்தில் தடுப்பு இருந்ததா என்னும் மூன்று விவரங்கள் தனித்துப் பதியப்பட்டுக் கட்டை எண்ணோடு வெளியிடப்பட வேண்டும். அப்படி வெளியிட்டால் மாவட்ட வரைபடத்தில் மரணம் எந்தெந்த வளைவுகளில் குவிகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் காட்டிவிடும்.

எல்ல – வெல்லவாய: இறக்கத்தின் கணக்கு

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ், எல்ல – வெல்லவாய வீதியில் ஜீப் ஒன்றில் மோதி, வீதியோரத் தடுப்பையும் இடித்துக்கொண்டு ஏறத்தாழ ஆயிரம் அடிப் பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய நவம்பர் முதலாம் திகதி பதுளை – மகியங்கனை வழியில் துன்ஹிந்தப் பகுதியில் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழக மாணவர்களின் பஸ் புரண்டதில் மாணவியர் இருவர் உயிரிழந்தனர். 2025 மே 11இல் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடைசியாகச் சொன்னது மத்திய மாகாணத்தில் நடந்தது என்றாலும் பயணம் தொடங்கியது ஊவாவில்தான்.

எல்ல கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,040 மீற்றர் உயரத்தில் உள்ளது. வெல்லவாய சுமார் 200 மீற்றரில். இடையே முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம். பத்துத் தொன் நிறையுள்ள பஸ் ஒன்று இந்த 840 மீற்றரை இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய சக்தி ஏறத்தாழ 82 மெகாஜூல். அதே பஸ் சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடிவந்து ஒருமுறை நிற்பதற்கு வெளியேற்றும் சக்தி 0.6 மெகாஜூல்தான். அதாவது எல்லவிலிருந்து வெல்லவாய வரை இறங்குவது, சமதரையில் நூற்று முப்பது முறைக்கு மேல் முழுமையாகப் பிரேக் போட்டு நிறுத்துவதற்குச் சமம். ஒரு பகுதியைக் காற்றும் சில்லும் எடுத்துக்கொள்ளும். பெரும் பகுதியை எஞ்சின் தாங்க வேண்டும். அதற்குச் சாரதி தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். உயர்ந்த கியரில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அத்தனை சூடும் பிரேக்கில்தான் இறங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது. "பிரேக் இல்லை" என்று சாரதி கத்தியதாகத் தப்பியவர்கள் சொல்லும்போது அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடக் கூடாது; பௌதிகம் அவர் பக்கம் இருக்கக்கூடும்.

பதுளை–பசறை பஸ்காரர்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள். ஏறிய கியரில் இறங்கு என்பது அவர்கள் பழகுநருக்குச் சொல்லும் முதல் பாடம். எல்லவிலும் துன்ஹிந்தவிலும் விழுந்தவை உள்ளூர்ச் சேவை பஸ்கள் அல்ல, வெளியூரிலிருந்து பயணம் வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். சமதரைச் சாரதிக்கு இந்த இறக்கம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இறக்கம் தொடங்குமிடத்தில் கட்டாயமாக நிறுத்தும் இடம், எந்தக் கியரில் இறங்குவது என்று மூன்று மொழியிலும் பெரிய பலகை, பிரேக் ஆறுவதற்கு இடைத்தரிப்புகள், பாரவூர்தி ஓடி நிற்க மணல் ஏற்றம்: உலகின் மலை வீதிகளில் இவை புதுமையல்ல. பெரகலையிலும் எல்லவிலும் இவற்றைச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

தடுப்பு வேலி பற்றியும் துல்லியமாகப் பேச வேண்டியிருக்கிறது. வேலி இருக்கிறது, இல்லை என்பதோடு நமது விவாதம் முடிந்துவிடுகிறது. ஐரோப்பிய நியமமான ஈ.என். 1317 வேலிகளை அவை தாங்கும் மோதலைக் கொண்டு தரம் பிரிக்கிறது. என்2 தரம் ஒன்றரைத் தொன் காரைத் தாங்கும். எச்2 தரம் 13 தொன் பஸ் மணிக்கு 70 கிலோமீற்றரில் 20 பாகைக் கோணத்தில் மோதினாலும் தாங்க வேண்டும். பஸ் ஓடும் வளைவில் காருக்கான வேலியைப் போடுவது கண்ணுக்கு ஆறுதல் தரும், உயிரைத் தராது. எல்ல பஸ் வேலியை மோதியும் விழுந்தது. இனி எந்த வளைவில் வேலி அமைத்தாலும் அது எத்தனை தொன்னுக்கு என்று கேட்கும் உரிமை அவ்வீதியால் போகும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

யாருடைய வீதி?

பிரதான வீதியைப் பற்றி மட்டும் பேசினால் ஊவாவின் பாதிப் பயணத்தைப் பேசியதாகாது. லயத்திலிருந்து பஸ் தரிப்பிடம் வரையிலான தோட்ட ரோடு எந்தப் புள்ளிவிவரத்திலும் சரிவர வருவதில்லை. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. அடுத்தவை மாகாணத்துக்கு. தோட்ட ரோடு மட்டும் தோட்டத்துக்கு. 1992இலிருந்து அது பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பு. கொழுந்து லொறி போகுமளவுக்கு ரோடு இருந்தால் கம்பனிக்குப் போதும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். அதாவது முப்பத்தொரு ஆண்டுகள், வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்த மக்களின் வாசலில் ஒரு கூடை கல் கொட்டக்கூடச் சபைக்குச் சட்டப்படி வழி இருக்கவில்லை. ஊவாவின் வீதிப் பாதுகாப்பு பற்றிப் பேசும் எவரும் இந்த முப்பத்தொரு ஆண்டுகளைத் தாண்டிப் போக முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இதன் விளைவு வாகனத்தில் தெரிகிறது. பஸ் மேலே வராது. ஆகவே ஆட்டோவில் ஏழு எட்டுப் பள்ளிப் பிள்ளைகள். டிராக்டர் பெட்டியில் கொழுந்தெடுக்கும் பெண்கள். நோயாளியைத் தூக்கி வைக்க எது கிடைக்கிறதோ அது. 13ஆம் கட்டை விபத்து நடந்த அதே மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கூலியில் பிள்ளையைத் தனி ஆட்டோவில் அனுப்ப எந்தத் தாயாலும் ஏலாது. அளவுக்கு மீறி ஏற்றியதற்காக ஆட்டோக்காரருக்கு எழுதப்படும் தண்டம், மறுநாள் அத்தாயின் தலையில்தான் இறங்கும். தோட்டங்களுக்குப் பள்ளி நேரத்துச் சிறு பஸ் சேவை நடத்துவது கல்வி நலத்திட்டம் மட்டுமல்ல. அது முதல்தர வீதிப் பாதுகாப்பு நடவடிக்கை.

மழையும் இதே கேள்வியைக் கேட்கிறது. ஊவாவின் கிழக்குச் சரிவுகளில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையே பெருமழை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையைப் புதைத்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தின் வீதிகளை அறுத்துப் போட்டதும் இந்தப் பருவத்தின் மண்தான். தோட்டத்தில் கான் வெட்டியவர்களுக்குத் தெரியும்: கான் அடைத்தால் தண்ணீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். வீதியோரக் கான் அடைத்தால் தண்ணீர் தாரின் மேலே ஓடி வெளிவிளிம்பை அரிக்கும். மேற்சரிவு ஊறிக் கல் விழும். விழுந்த கல் கிடக்கும். 13ஆம் கட்டையில் கிடந்ததும் அப்படி ஒரு கல்தான். கான் துப்புரவாக்கும் ஆட்களுக்கான செலவை வீதிப் பராமரிப்புக் கணக்கில் வெட்டுகிறவர்கள், உண்மையில் வீதிப் பாதுகாப்புக் கணக்கில் வெட்டுகிறார்கள்.

விழுந்த பின் என்ன நடக்கிறது என்பதும் ஹேடன் அட்டவணையின் ஒரு கட்டம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது பெரும் வரம். ஆனால் அம்புலன்ஸ் வீதி வரைதான் வரும். பள்ளத்துக்குள் முதலில் இறங்குபவர்கள் எப்போதும் பக்கத்து லயத்து ஆட்களே. கையில் இருப்பது கொழுந்துச் சாக்கும் கயிறும். முறிந்த முதுகை எப்படித் தூக்குவது, இரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆபத்தான வளைவுகளை ஒட்டிய ஒவ்வொரு தோட்ட டிவிசனிலும் பத்துப் பேருக்குப் பயிற்சியும், அருகில் ஓரிடத்தில் கயிறும் தூக்குப் படுக்கையும் விளக்கும் இருக்குமானால் பதுளை வைத்தியசாலையை உயிரோடு சென்றடைவோர் கூடுவர்.

வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும் ஊவா மாகாண சபையிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்பது இதுதான். பதுளை, மொனராகலை மாவட்டங்களில் பஸ் ஓடும் வீதிகளின் பள்ளப்பக்க வளைவுகளைக் கட்டை எண்ணோடு ஒரு பட்டியலாக்குங்கள். எதில் வேலி உண்டு, அது எத்தனை தொன்னைத் தாங்கும், எதில் கல் விழுகிறது, எதில் கான் அடைத்திருக்கிறது என்பதை எழுதிப் பசறை, லுணுகலை, ஹாலிஎல பஸ் நிலையங்களில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் ஒட்டுங்கள்.