எஞ்சினைத் தாங்கும் ரப்பர்

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் எஞ்சினைச் சட்டத்தோடு நேராகவே போல்ட் போட்டு முறுக்கினார்கள்; அதிர்வு முழுவதும் பயணிகளின் முதுகுக்கு வந்தது. 1931-இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரின் எஞ்சினை ரப்பர் மவுண்டிங்கில் அமர்த்திப் பேர் வாங்கியது. ரப்பர் கேரளத்து ஊரான ஆலுவாவுக்குப் புதிதல்ல. ஊர் வழியே ஓடும் பெரியாற்றின் மேற்பகுதியில், தட்டேக்காட்டில், 1902-லேயே வணிக ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது.

கேரளத்து டாக்சி ஸ்டாண்டுகளில் நெடுங்காலம் நின்றது அம்பாசிடர். மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த இந்தக் கார் உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் ஓரளவு சாதுதான். டீசல் வந்தபின் மவுண்டிங்கின் பாடு திண்டாட்டமானது.

வயதானாலும் மவுண்டிங் ரப்பர் கெடும்; ஆனால் வயதைவிடக் கொடிய பகை ஆயில் கசிவு. ஆயில் பட்ட இயற்கை ரப்பர் உப்பி, மெத்தென்றாகி, இரும்புத் தகட்டை விட்டுப் பிரியும். கிளட்சை விடும்போது எஞ்சின் ‘டக்’கென்று குதிக்கும்.

மவுண்டிங்கை வீட்டிலேயே மாற்றுபவர்கள் ஆயில் சம்புக்கு அடியில் மரப்பலகை வைத்து, ஜாக்கியால் எஞ்சினின் பாரத்தை மட்டும் மெல்ல ஏற்றுவார்கள். பலகை இல்லாவிட்டால் சம்பு நசுங்கும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, எஞ்சினை இறக்குவார்கள். பாரம் முழுதும் மவுண்டிங்கில் அமர்ந்த பிறகே ஸ்பானர் போட்டு இறுக்குவார்கள். முந்தி இறுக்கினால் புது ரப்பரும் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.