ஆறாம் வட்டாரம்: இடிக்கப்பட்ட நகர்ப்பகுதியொன்றின் சமுதாய வரலாறு

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆண்டோரின் ஏடுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. மாநகரசபைக் குறிப்புகள், நிலஅளவைப் படங்கள், காணி உறுதிகள், சுகாதார அதிகாரிகளின் அறிக்கைகள் ஆகியனவே வரலாற்று மாணவர் முதலிற் சென்றடையும் சான்றுகள். வாடகை வீட்டிற் குடியிருந்தோரும் நாட்கூலி பெற்றோரும் இவ்வேடுகளில் தம் பெயரோடு தோன்றுவது அரிது. அவர்கள் வாழ்ந்த பகுதியே தரைமட்டமாக்கப்பட்டுவிடின் அதன் சமுதாய வரலாற்றை எங்ஙனம் எழுதுவது? தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரில் ஆறாம் வட்டார மக்கள் தாமே இவ்வினாவுக்கு விடை காண முயன்றனர். அம்முயற்சியும் அதன் எல்லையும் ஈண்டு நோக்கற்பாலன.

1867இல் மாநகரசபை நிருவாக வசதிக்காக இட்ட எண்ணே இப்பகுதியின் பெயராயிற்று. நம் நகரங்களின் வட்டாரங்களும் இவ்வாறு எண்ணால் அறியப்படுவனவே. ஆயினும் அவ்வெண் இத்துணை உணர்வைச் சுமந்த இடம் வேறு உண்டோ என்பது ஐயமே. துறைமுகத்துக்கும் நகர மையத்துக்கும் அண்மையில் அமைந்திருந்தமையால் உழைக்கும் மக்கள் இங்கு திரண்டனர். விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள், கைவினைஞர், துறைமுகத் தொழிலாளர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர், இந்தியர் எனப் பல திறத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் கேப் குடியேற்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளுள் இலங்கையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்றோர் இருந்தனர் என்பதும், புறப்பட்ட ஊரே அவர்களுடைய பெயரின் பின்னொட்டாகப் பதிவேடுகளில் எழுதப்பட்டது என்பதும் நாம் மனங்கொள்ளத்தக்கன. 1834இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும், 'பயிலுநர்' என்ற பெயரில் மேலும் நான்காண்டுகள் பழைய எசமானரிடமே அவர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பிரதேசச் சட்டம் 1950இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1966 பெப்ரவரி 11ஆந் திகதி ஆறாம் வட்டாரம் வெள்ளையருக்குரியதெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சேரி, குற்றம், சூது என்பன அரசு கூறிய காரணங்கள். நகர மையத்தை அடுத்த நிலத்தின் பெறுமதி அக்காரணங்களுள் இடம்பெறவில்லை! 1968 தொடக்கம் 1982 வரையில் 60,000 பேருக்கு மேற்பட்டோர் நகருக்கு வெளியே மணற்பாங்கான கேப் சமவெளிக்குப் பெயர்க்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, பள்ளிவாசல்களும் தேவாலயங்களுமே பெரும்பாலும் எஞ்சின. ஹனோவர் வீதியும் அதன் கடைகளும் பயஸ்கோப்புகளும் மறைந்தன. பகுதியின் பெயரும் மாற்றப்பட்டது. எனினும் அந்நிலத்தின் பெரும்பகுதி பல்லாண்டுகள் வெறுமையாகவே கிடந்தது.

1989இல் முன்னாட் குடியிருப்பாளரும் ஆதரவாளரும் ஒரு மன்றம் அமைத்தனர். அதன் பயனாக 1994 டிசம்பரில், இடிபடாது எஞ்சிய மெதடிஸ்த தேவாலயமொன்றில் ஆறாம் வட்டார நூதனசாலை திறக்கப்பட்டது. சில வாரங்களுக்கென ஏற்பாடு செய்யப்பட்ட கண்காட்சியே நிலைத்துவிட்டது. இடிப்பு வேலையை மேற்பார்வை செய்த ஒருவர், இடிபாடுகளோடு கடலிற் போயிருக்க வேண்டிய வீதிப் பெயர்ப்பலகைகளைத் தம் வீட்டிற் பல்லாண்டுகள் வைத்திருந்து ஒப்படைத்தார். அவை அங்கே தொங்குகின்றன. தரையிலே வட்டாரத்தின் பெரும் வரைபடம் தீட்டப்பட்டுள்ளது. வந்தோர் அதன்மேற் குனிந்து தாம் வாழ்ந்த வீட்டைத் தேடி, அவ்விடத்திற் குடும்பப் பெயரை எழுதினர். நிலஅளவையாளர் படம் வீதியையும் எல்லையையும் காட்டும். இப்படமோ எந்த வீட்டில் எவர் இருந்தார் என்பதைக் காட்டுகின்றது. வட்டாரத்தாருட் பெரும்பாலோர் காணி உறுதி இல்லாத வாடகைக் குடியினர் என்பதை நினைத்தால், இது வெறும் உணர்ச்சிச் செயலன்று, சான்று திரட்டும் செயல் என்பது விளங்கும்.

ஆயினும் நினைவு என்னும் சான்றையும் ஆய்வாளர் வினவியே ஏற்றல் வேண்டும். இதற்கு இலக்கியம் நல்லதோர் உரைகல்லாகும். வட்டாரத்திற் பிறந்த அலெக்ஸ் லா கூமாவின் 'இரவில் ஒரு நடை' என்னும் குறுநாவல் 1962இல், அதாவது பிரகடனத்துக்கு முன்னர் வெளிவந்தது. அதிலே வறுமையும் வன்முறையும் பொலிசாரின் கொடுமையும் அழுகும் கட்டடங்களும் முன்னிற்கின்றன. அங்கேயே பிறந்த றிச்சர்ட் றைவ், வீடுகள் மறைந்தபின் 1986இல் வெளியிட்ட 'பக்கிங்ஹாம் மாளிகை, ஆறாம் வட்டாரம்' என்ற நாவலிலோ அயலவரின் அன்பும் நகைச்சுவையும் மேலோங்குகின்றன. இருவரும் பொய்யுரைத்தனர் அல்லர். இழப்பு, நினைவின் நிறத்தை மாற்றிவிட்டது. 1990களிற் சேகரிக்கப்பட்ட வாய்மொழிச் சான்றுகளும் இழப்பின் பின்னர்ப் பிறந்தனவே. அனைவரும் ஒரே குடும்பமாய் வாழ்ந்தனர் என்ற கூற்றை, வாடகை வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்ற வினாவோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் 1901ஆம் ஆண்டை மறத்தல் இயலாது. கொள்ளைநோய் பரவிய அவ்வாண்டில், சுகாதாரத்தைக் காரணங்காட்டி, வட்டாரத்தில் வாழ்ந்த ஆபிரிக்கர் நகருக்கு வெளியே யூற்ஃப்ளுக்ற் என்னுமிடத்துக்கு வலிந்து அகற்றப்பட்டனர். 1966இன் வெளியேற்றத்துக்கு இது முன்னோடி. பல்லினம் கூடி வாழ்ந்த வட்டாரம் என்று பிற்காலத்தார் போற்றிய சமூகம், ஓர் இனத்தாரிற் பெரும்பாலோர் ஏற்கெனவே அகற்றப்பட்டபின் எஞ்சியதே. நூதனசாலை இவ்வுண்மையை மறைக்காது தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே கூறுவது அதன் நேர்மைக்குச் சான்று எனலாம்.

சட்டமோ இவ்விடயத்திற் குறுகியது. 1994இன் காணி உரிமை மீட்புச் சட்டம் வாடகைக் குடியினரின் கோரிக்கைக்கும் இடமளித்தது. 2004 பெப்ரவரி 11இல், பிரகடனத்தின் அதே நாளில், முதலில் திரும்பியோருக்கு நெல்சன் மண்டேலா வீட்டுத் திறப்புகளைக் கையளித்தார். ஆயினும் அச்சட்டம் 1913 யூன் 19ஆந் திகதிக்குப் பின்னர் நிகழ்ந்த பறிப்புகளையே கருத்திற் கொள்ளும். 1901இல் அகற்றப்பட்டோருக்கு அதன்கீழ் வழியில்லை. தேவாலயத்தின் தரையில் வரைபடம் விரிக்கப்பட்டபோது, தாம் குடியிருந்த இடத்திற் குனிந்து பெயரெழுத அவர்களுள் எவரும் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பும் அரிது.