எஞ்சின் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

மாணவர்களே, அர்டுயினோ பலகையில் சின்ன விளக்கை மினுக்கிப் பார்த்திருப்பீர்கள். பலகை கையில் இல்லாவிட்டால் கணினித் திரையிலேயே அதைச் செய்து காட்டும் மென்பொருளும் உண்டு. அதைத்தான் சிமுலேட்டர் என்கிறோம். கட்டுரைத் தாளில் இதையெல்லாம் ‘தொழில்நுட்ப வளர்ச்சி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் யார் யாருடைய உழைப்பு ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

அர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் சில்லின் கடிகாரம் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கும். உங்கள் நிரலின் ஒவ்வொரு கட்டளைக்கும் அந்தச் சில்லு என்ன செய்யுமோ, அதையே கணக்குப் போட்டுச் செய்வது சிமுலேட்டரின் எஞ்சின். அதை விளக்காகவும் பொத்தானாகவும் வயராகவும் காட்டுவது முகம், அதாவது வரைகலை இடைமுகம். ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை.

பிக் வகைச் சில்லுகளுக்கு ஸ்காட் டட்டாலோ ‘ஜிபிசிம்’ எழுதினார். ஊனோவில் இருக்கும் ஏ.வி.ஆர். வகைக்கு மிஷெல் பொலே ‘சிம்ஏ.வி.ஆர்.’ எழுதினார. நல்ல எஞ்சின்கள்தான். ஆனால் படிவம் இரண்டு மாணவன் திறந்து பார்த்தால் என்ன ஆகும்? எண்களையும் கட்டளை வரிகளையும் கண்டு மூடிவிட்டுப் போய்விடுவான். சாந்தியாகோ கொன்சாலெஸின் ‘சிமுல்ஐடிஇ’ இவ்விரண்டையும் உள்ளே வைத்து, வெளியே இழுத்துப் போட்டு இணைக்கும் படங்களைக் கொடுத்தது. மூன்றுமே ஜி.பி.எல். உரிமத்தில் வந்தவை. 1989-இல் முதலில் வெளியான இந்த உரிமம், மூல நிரலை எடுத்து மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் கொடு என்கிறது. பிந்தைய பதிப்புகளில் சிமுல்ஐடிஇ தன் சொந்த எஞ்சினுக்கு மாறிவிட்டது. ஆனால் தொடக்கத்தில் அதை ஓட வைத்தவை அந்த இரண்டும்தான்.

உரிமக் கோப்பில் பெயர் இருக்கும். மக்கள் வாயில் இருக்குமா என்பது வேறு கதை. அர்டுயினோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் எர்னாண்டோ பராகான் என்ற கொலம்பிய மாணவர் தம் முதுகலை ஆய்வுக்காக ‘வயரிங்’ என்ற பலகையையும் மென்பொருளையும் உருவாக்கினார். அதன் முகமோ கேசி ரீஸ், பென் ஃபிரை இருவரும் 2001-இல் தொடங்கிய ‘புராசசிங்’கிலிருந்து வந்தது. 2005-இல் அதே ஊரில் பிறந்த அர்டுயினோ, வயரிங்கின் மேல் எழுந்தது. இன்று பராகானை எத்தனை பேருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால், அர்டுயினோவின் வரலாற்றை எழுதும் எந்தக் கட்டுரையிலும் இந்தப் பெயர் விடுபடக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. உலாவியிலேயே ஓடும் ‘வோக்வி’யைப் பலர் வகுப்பில் பயன்படுத்துகிறீர்கள். அந்தத் தளம் முழுவதும் திறந்த மூலம் இல்லை. ஆனால் அதன் ஏ.வி.ஆர். எஞ்சினும் விளக்கு, பொத்தான் படங்களும் தனித்தனியாக எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கின்றன. உங்கள் பள்ளிக் கணினிக் கழகம் அவற்றை எடுத்துத் தமிழில் ஒரு முகம் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எழுதியவர் பெயருள்ள உரிமக் குறிப்பை மட்டும் கூடவே வைத்திருக்க வேண்டும்.