ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குள் "ஏன்?" நுழைந்த கதை

"உங்கள் ஊரில் நூலகம் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஓரளவு ஆங்கிலம் தெரிந்த எவரும் பதில் சொல்லிவிடுவார். "பொது நூலகங்களுக்கு அரசு பணம் செலவழிப்பது சரியா? இருபது வருடம் கழித்து அவை தேவைப்படுமா?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கண்ணால் பார்த்ததைச் சொல்வது வேறு, கருத்தைச் சொல்லி அதற்குக் காரணமும் காட்டுவது வேறு.

இன்று ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதி முழுக்க இந்த இரண்டாம் வகைக் கேள்விகள்தான். படிப்பு, வேலை, குடியேற்றம் என்று பலருடைய எதிர்காலம் இந்தச் சில நிமிடங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்விகள் எப்போது, எதற்காகத் தேர்வுக்குள் வந்தன?

1913: மூன்று பேர் எழுதிய தேர்வு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு 1858ல் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு, குறிப்பாக வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புபவர்களுக்கு, அது 1913ல் ஒரு தேர்வை அறிமுகப்படுத்தியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், இலக்கியம், ஒலியியல் என்று எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12 மணி நேரம்! முதல் வருடம் எழுதியவர்கள் 3 பேர். ஒருவர்கூடத் தேறவில்லை.

அந்தத் தேர்வில் கட்டுரைக்கு 2 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று, ஆங்கிலேயர் "சிப்பாய்க் கலகம்" என்று அழைத்த 1857 எழுச்சி. இன்னொன்று உள்ளாட்சி முறையின் வளர்ச்சி. ஆனால் வாய்மொழிப் பகுதியில் சொல்வதை எழுதுதலும், வாசித்தலும், கொஞ்சம் உரையாடலும்தான் இருந்தன. அதாவது கனமான விஷயங்களை யோசித்துச் சொல்வது பேனாவின் வேலை. வாய்க்கு உச்சரிப்பும் சாதாரணப் பேச்சும் போதும். இதுதான் அன்றைய பிரிவினை.

பேச்சுக்கு மதிப்பெண் போடுவதிலும் சிக்கல் இருந்தது. ஒரே பேச்சைக் கேட்கும் இருவர் இரு வேறு மதிப்பெண் போடலாம். எழுதிய தாளைத் திருப்பிப் பார்க்கலாம், பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். கேம்பிரிட்ஜ் தேர்வுக் குழுவின் ஜாக் ரோச் 1945ல் வாய்மொழித் தேர்வுகளின் சிக்கல்களைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்.

தூதர்களுக்காக வந்த ஏணி

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். தன் தூதரக அதிகாரிகளுக்கு வெளிநாட்டு மொழி உண்மையில் எவ்வளவு தெரியும் என்று அறிய அந்நாட்டு அரசு விரும்பியது. 1950களில் அதன் வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் 0 முதல் 5 வரை படிகள் கொண்ட ஓர் அளவுகோலையும், நேரில் பேசி மதிப்பிடும் முறையையும் உருவாக்கியது.

இங்கேதான் கருத்துக் கேள்விகளுக்கு வேலை வந்தது. காரணம் எளிமையானது. "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் நடுத்தரமாகப் பேசுபவரும் நன்றாகப் பேசுபவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். வித்தியாசம் தெரியாது. "அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கும்போதுதான் நிபந்தனை வாக்கியங்களும், ஒப்பிடும் சொற்களும், இணைப்புச் சொற்களும் தேவைப்படுகின்றன. எனவே கேள்வியைப் படிப்படியாகக் கடினமாக்கி, பேசுபவர் எந்தப் படியில் தடுமாறுகிறார் என்று பார்த்தார்கள். இந்த வழியில் வந்த அமெரிக்க மொழி ஆசிரியர் அமைப்பு ஒன்றின் 1986ஆம் ஆண்டு வழிகாட்டியில், கருத்தை நியாயப்படுத்துவதும், நடக்காததைக் கற்பனை செய்து பேசுவதும் மிக உயர்ந்த நிலைக்கான அடையாளங்கள் ஆயின.

1989, 2001: இன்றைய வடிவம்

பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் 1980ல் நடத்தத் தொடங்கிய தேர்வு, ஆஸ்திரேலியாவும் சேர்ந்தபின் 1989ல் ஐ.இ.எல்.டி.எஸ். ஆனது. அப்போதைய பேச்சுத் தேர்வில் ஐந்து கட்டங்கள். மூன்றாம் கட்டத்தில் தேர்வரே கேள்வி கேட்க வேண்டும்! நான்காம் கட்டம் ஊகமும் கருத்தும்.

ஆனால் கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்று ஆய்வுகள் காட்டின. ஒருவர் எடுத்துக்கொடுத்து உதவுவார், இன்னொருவர் பேசாமல் காத்திருப்பார். ஆகவே 2001ல் தேர்வு திருத்தப்பட்டது. மொத்தம் 11 முதல் 14 நிமிடங்கள், மூன்று பகுதிகள். முதல் பகுதியில் சொந்த விஷயங்கள். இரண்டாவதில் 1 நிமிடம் யோசித்து 2 நிமிடம் வரை பேச வேண்டும். மூன்றாவதில் 4 முதல் 5 நிமிடங்கள் விவாதம். முதல் இரண்டு பகுதிகளில் கேள்வி கேட்பவர் கையிலுள்ள வாசகத்தை விட்டு விலக முடியாது. மூன்றாவதில் மட்டும் அவருக்குச் சற்றுச் சுதந்திரம் உண்டு. "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று துருவலாம். மனப்பாடம் செய்த பதில் பெரும்பாலும் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறது.

2005ல் இணையவழி டோஃபெல் வந்தபோது இந்த மனித உரையாடல்கூட இல்லை. 15 விநாடி யோசித்து, 45 விநாடியில் தன் கருத்தை மைக்கிடம் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.

அளப்பது மொழியையா, சிந்தனையையா?

ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுக்கு நான்கு அளவுகோல்கள்: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. "நல்ல கருத்து" என்று ஐந்தாவது அளவுகோல் கிடையாது. கேள்வி கேட்பவர் கருத்தோடு உடன்படுகிறாரா என்பதும் கணக்கில் வராது. அதோடு, மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்கான விளக்கத்திலேயே தயக்கத்துக்கு இடம் இருக்கிறது. சொல்லையோ இலக்கணத்தையோ தேடித் தயங்கக் கூடாது, என்ன சொல்லலாம் என்று யோசித்துத் தயங்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் படபடவென்று பேசிக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஆனாலும் ஒரு நியாயமான கேள்வி மிஞ்சுகிறது. கருத்துக்கு மதிப்பெண் இல்லை என்றாலும், கருத்தே தோன்றாவிட்டால் மொழியை எதைக்கொண்டு காட்டுவது? புத்தகத்தில் உள்ள பதிலே சரியான பதில் என்று வளர்ந்த ஒருவரிடம், பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். அயல்நாட்டு மருத்துவமனையில் வேலைக்கு முயலும் ஒரு செவிலியர் நோயாளியிடம் அழகாகப் பேசக்கூடியவராக இருக்கலாம். விளம்பரங்கள் சமூகத்தை எப்படி மாற்றுகின்றன என்று கேட்டதும் இரண்டு வரியில் நின்றுவிடலாம். அது ஆங்கிலக் குறையா, பழக்கக் குறையா? மதிப்பெண் பட்டியல் இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

இதற்குத் தயாராகும் வழி கடினமானதல்ல. நிலைப்பாடு ஒன்று, காரணம் ஒன்று, உதாரணம் ஒன்று, "ஆனால் சில இடங்களில் இது பொருந்தாது" என்று ஒரு விதிவிலக்கு. இந்த நான்கும் இருந்தால் ஒரு நிமிடப் பதில் தானாக வரும். இதைத் தமிழிலேயே பழகலாம். தாய்மொழியில் "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகாதவருக்கு, அந்நிய மொழியில் 4 நிமிடத்தில் அது வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தப் பழக்கத்தைத் தர வேண்டிய இடம் பயிற்சி மையம் அல்ல, வகுப்பறை.