பிரக்டர் அப்பாவின் கொப்பி



ஒக்டோபர் மாதம் வந்தால் நாம் எல்லோரும் 1990 ஐப் பற்றி எழுதுவோம். விட்டு வந்த வீடு, பள்ளிவாசல், கடைத்தெரு என்று எழுதுவோம். இந்த முறை நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். மூத்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். சிறுவர்களான நாங்கள் அவரைப் பிரக்டர் அப்பா என்றுதான் கூப்பிட்டோம்.

1974 இல் பிரக்டர், அட்வகேட் என்ற இரண்டு பிரிவும் ஒன்றாக்கப்பட்டு எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். ஆனாலும் மன்னாரில் எங்கள் ஊருக்கு அவர் கடைசி வரை பிரக்டர்தான். அவர் நொத்தாரிசும் கூட. பெரிய வழக்குப் பேசிப் பேர் எடுத்தவரல்ல. அவருடைய வேலை முக்கால்வாசியும் காணி உறுதி எழுதுவதுதான்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலப் பிரதி உரித்தாளருக்கு வரும். இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். இன்னொன்று நொத்தாரிசிடம் இருக்கும். இதை அவர் ஊராருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார். "உறுதி தொலைஞ்சா பயப்படாதீங்க. உறுதி இலக்கத்தத் தொலைச்சிடாதீங்க" என்பார்.

அவருக்கும் ஒரு குடும்பக் காணி இருந்தது. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல். வாப்பா மௌத்தான பிறகு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், பெண்பிள்ளைகள் மூன்று பேர் பங்காளிகள். 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி மார்க்கப் பங்கீடுதான் நாட்டின் சட்டமும். காணியை ஏழாக்கினால் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. "ராத்தாமார்களுக்கு வீடு கொடுத்தாச்சே, வயலை எழுதித் தரச் சொல்லுங்க" என்று குடும்பத்தில் பேச்சு வந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வாப்பா ஹயாத்தோடு இருக்கும்போது கொடுத்தது, பங்கு மௌத்துக்குப் பிறகு வருவது, இரண்டையும் கலக்க வேண்டாம் என்றார். ஐந்து பேருடைய பெயரையும் எழுதிப் பதிந்தார். அதனால் சொந்தச் சகோதரனுக்கும் அவருக்கும் பல பெருநாட்கள் பேச்சில்லை.

பிறகு வெளியேற்றம் வந்தது. வடமாகாணத்து முஸ்லிம்கள் முக்கால் இலட்சம் பேரளவில் சில நாட்களுக்குள் பிறந்த மண்ணை விட்டுப் போனோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக்கொட்டிலுக்கு முன்னால் ஒரு வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மடியில் ஒரு சீஆர் கொப்பி. வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்: உறுதி இலக்கம் என்ன, எந்தத் திகதி, எழுதிய நொத்தாரிசு யார், நாலு எல்லையும் என்ன? உறுதியைப் பார்த்து எழுதியது நீல மை. வாயால் கேட்டு எழுதியது சிவப்பு மை. கண் மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆண்கள் பலருக்கு எத்தனை ஏக்கர் என்பதுதான் ஞாபகம். வடக்கே யாருடைய வயல், கிழக்கே எந்த வாய்க்கால் என்பதை உம்மும்மாமார்தான் பிசகாமல் சொன்னார்கள்.

வருடங்கள் போயின. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைத் தன்னுடையதாகவே பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். "இனிக் காணி போய்விடும், கிடைத்த விலைக்குக் கொடுப்போம்" என்று பலர் கொடுத்தார்கள். அவருடைய மகனும் கேட்டார். புத்தளத்தில் ஒரு துண்டு வாங்கிக் கல்வீடு கட்டலாம் என்பது அவருடைய ஆசை. வாப்பா மறுத்துவிட்டார். "ஏழில ரெண்டுதான் என்ட. அத வெளியாளுக்கு வித்தா, அவன் பிரிவினை வழக்குப் போடுவான். வழக்காட என்ட தங்கச்சிமார்ட காசில்ல. கடைசியில வயலே ஏலத்துக்குப் போகும்."

அந்த மகன் இன்னும் பல மழைக்காலம் ஒழுகும் கொட்டிலில்தான் பிள்ளைகளை வளர்த்தார். இன்றும் அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நானும் அந்த நாட்களில் பிரக்டர் அப்பாவைப் பிடிவாதக்காரர் என்றுதான் நினைத்தேன்.

யுத்தம் முடியுமுன்னே அவர் மௌத்தானார். ஊருக்குத் திரும்பிப் போனபோது வயல் எது, காடு எது என்று தெரியவில்லை. எல்லைக் கல்லும் இல்லை. அந்தக் கொப்பியிலிருந்த இலக்கத்தையும் திகதியையும் கொடுத்துத்தான் பதிவகத்தில் பிரதி எடுத்தார்கள். 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை காணிக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு, அந்தக் காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. இப்போது அந்த வயலில் அவருடைய மூன்று சகோதரிகளின் பேரப்பிள்ளைகளும் நெல் விதைக்கிறார்கள். வாப்பாவோடு கோபித்த அதே மகன்தான் ஒவ்வொரு போகமும் ஏழாகப் பிரித்துக் கொடுக்கிறார்.

உறவுகளே, ஒரு வேண்டுகோள். இன்றைக்கே ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் காணியின் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவகத்தில் பதிந்த விபரம், நாலு எல்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். பங்காளிகளின் பெயரை எழுதும்போது பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியை மகள்மார்களின் கையிலும் கொடுங்கள்.

பிரக்டர் அப்பாவின் கொப்பியின் போட்டோப் பிரதி என்னிடம் இருக்கிறது. உங்கள் குடும்பத்துப் பக்கமும் அதில் இருக்கலாம். பாடசாலை விட்ட பிறகு வந்து பாருங்கள். சிவப்பு மையில் இருப்பவற்றைச் சரிபார்க்க, எல்லை தெரிந்த மூத்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டி வாருங்கள்.

அவருடைய கப்றை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைப்பானாக.